வெள்ளை நாய்க்கு என்ன இனம்? – காப்பகத்துக் குட்டி நாய்களும் இனப் பெயர்களின் கதையும்

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஊத்தங்கரை வட்டத்தில் இருக்கிறது கல்லாவி. அங்கிருந்து மேற்கே ஓசூர் வரை எந்த ஊரில் விசாரித்தாலும், வெள்ளையாகப் புசுபுசுவென்று முடியும் முதுகின் மேல் சுருண்ட வாலும் உள்ள சின்ன நாய்க்கு ஒரே பெயர்தான்: "பொமரேனியன்". சிலர் வாயில் அது "பொம்மேரியன்" ஆகும். முடி கண்ணை மறைத்தால் "புசுபுசு நாய்", முகம் நசுங்கியிருந்தால் "ஹட்ச் நாய்". இவை எதிலும் சேராதது எல்லாம் "நாட்டு நாய்" அல்லது "கிராஸ்". இவ்வளவுதான் நம் ஊரின் நாய் அகராதி.

வீட்டில் வளரும் வரை இந்த அகராதி போதும். நாய் தெருவுக்கு வந்து, அங்கிருந்து ஒரு காப்பகத்துக்குப் போய்ச் சேரும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. காப்பகத்தில் ஒவ்வொரு நாய்க்கும் ஓர் அட்டை உண்டு. பெயர், வயது, பால், நிறம், எடை என்று போகும் அந்த அட்டையில் "இனம்" என்று ஒரு கட்டமும் இருக்கும். அதில் எழுதப்படும் ஒரு சொல் அந்த நாயின் மீதி வாழ்க்கையையே மாற்றிவிடக் கூடியது. "பொமரேனியன்" என்று எழுதினால் தத்தெடுக்க ஆள் வரும். "நாட்டு நாய்க் கலப்பு" என்று எழுதினால் அதே நாய் அதே கூண்டில் மாதக்கணக்கில் காத்திருக்கும்.

அந்தச் சொல் எங்கிருந்து வந்தது? அது எவ்வளவு சரி? இதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

பெயர் இருந்தது, இனம் இல்லை

கல்லாவியின் இரு புறமும் நாய்க்காக எழுதப்பட்ட இரண்டு பழைய கற்கள் உண்டு என்பது பலருக்குத் தெரியாத செய்தி.

முதலாவது கிழக்கே, ஊத்தங்கரையை அடுத்த செங்கம் – தண்டராம்பட்டு வட்டாரத்தில் உள்ள எடுத்தனூர் நடுகல். முதலாம் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்தது, அதாவது 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதி. தொறுப் பூசலில், அதாவது மாட்டு மந்தைக்காக நடந்த சண்டையில், உயிர்விட்ட கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு எடுத்த கல் அது. அவன் உருவத்தோடு ஒரு நாயின் உருவமும் அதில் செதுக்கப்பட்டுள்ளது. கள்வர்களைக் கடித்துக் காவல் நின்ற அந்த நாயின் பெயரையும் கல்வெட்டு தருகிறது: கோவிவன்.

இரண்டாவது மேற்கே, கர்நாடகத்தின் மண்டியா பகுதியைச் சேர்ந்த ஆதகூர்க் கல். காலம் கி.பி. 949-50. தக்கோலப் போரில் சோழ இளவரசன் இராசாதித்தன் கொல்லப்பட்ட சமயம். அந்தப் போரில் காட்டிய வீரத்துக்குப் பரிசாக மணலேரன் என்ற வீரன் பொன்னையோ நிலத்தையோ கேட்கவில்லை. காளி என்ற வேட்டை நாயைக் கேட்டுப் பெற்றான். பிறகு ஒரு பெரிய காட்டுப்பன்றியோடு மோதி நாயும் பன்றியும் சேர்ந்தே மாண்டன. அதன் நினைவாக எடுத்த கல் இன்று பெங்களூரு அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நாயும் பன்றியும் மோதும் காட்சியை அதில் இன்றும் காணலாம்.

இந்த இரண்டு கற்களிலும் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. நாயின் பெயர் இருக்கிறது, அது செய்த காரியம் இருக்கிறது. இனம் இல்லை. கோவிவன் என்ன ஜாதி நாய் என்று கல்லை வெட்டியவர் எழுதவில்லை. அவருக்கு அது தேவைப்படவும் இல்லை. ஞமலி, ஞாளி, சுணங்கன் என்று நாய்க்குப் பல சொற்கள் தமிழில் உண்டு. ஆனால் இன்று நாம் சொல்லும் பொருளில் "இனம்" என்ற எண்ணம் அன்று எங்குமே இல்லை.

இனம் என்ற எண்ணம் பிறந்த கதை

இன்றைய நாய் இனங்கள் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் தயாரிப்புகள் என்றால் மிகையாகாது. 1859ஆம் ஆண்டு ஜூன் மாதம் நியூகாசில் நகரில் ஒரு நாய்க் கண்காட்சி நடந்தது. முதல் நவீன நாய்க் கண்காட்சியாக இதைத்தான் குறிப்பிடுகிறார்கள். 1873இல் லண்டனில் கென்னல் கிளப் தொடங்கியது. அதன்பின் ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு "தரம்" எழுதப்பட்டது. உயரம் இவ்வளவு, காது இப்படி, வால் அப்படி, நிறம் இன்னின்ன என்று விதிகள் வந்தன. எந்த நாய்க்கு எது தாய், எது தந்தை என்று பதிவேடுகள் வந்தன.

அதற்கு முன்பு வேலையை வைத்துத்தான் நாய்க்குப் பெயர். ஆடு மேய்க்கும் நாய், முயல் பிடிக்கும் நாய், மடியில் கிடக்கும் நாய் என்று சொன்னால் போதும். பதிவேடு வந்த பிறகு, தாய் தந்தையின் சான்றிதழ் இருப்பதுதான் இனம் என்றாயிற்று. இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏனென்றால், காப்பகத்துக்கு வரும் எந்த நாயும் சான்றிதழைக் கழுத்தில் கட்டிக்கொண்டு வருவதில்லை.

தமிழ்நாட்டு நாய்களுக்கு ஊர்ப் பெயர்களே இனப் பெயர்களாயின. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை மூன்றும் ஊர்கள். கன்னி மட்டும் விதிவிலக்கு. மத்திய அரசின் கீழ் இயங்கும் தேசிய கால்நடை மரபு வளப் பணியகம், ராஜபாளையம், சிப்பிப்பாறை நாய்களையும் கர்நாடகத்தின் முதோல் வேட்டை நாயையும் நாட்டு இனங்களாக முறைப்படி பதிவு செய்திருக்கிறது.

ஒரு விஷயம் தெளிவாகத் தெரியும். இவை எல்லாமே வேட்டைக்கோ காவலுக்கோ உரிய உயரமான நாய்கள். பதிவு பெற்ற நாட்டு இனங்களில் மடியில் தூக்கி வைத்துக்கொள்ளும் அளவில் ஒன்றுகூடக் கிடையாது. ஆகவே சின்ன நாய் என்றாலே வெளிநாட்டுப் பெயர் என்ற பழக்கம் நம்மிடம் வந்துவிட்டது.

பொமரேனியன் அல்லாத பொமரேனியன்

பொமரேனியா என்பது பால்டிக் கடலோரத்தில் உள்ள ஒரு பகுதி. இன்று போலந்துக்கும் ஜெர்மனிக்கும் இடையே பிரிந்து கிடக்கிறது. அங்கிருந்து 1767இல் இங்கிலாந்து அரசி சார்லட் இரண்டு நாய்களை வரவழைத்தார். அந்தக் காலத்துப் பொமரேனியன் பெரிய நாய். ஓவியர் கெய்ன்ஸ்பரோ 1777 வாக்கில் வரைந்த படத்தில் உள்ள பொமரேனியன் தாயையும் குட்டியையும் பார்த்தால், இன்றைய பொம்மை போன்ற பொமரேனியனோடு அதைச் சம்பந்தப்படுத்தவே முடியாது.

நாய் சிறிதானது விக்டோரியா அரசியின் காலத்தில். 1888இல் அவர் இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் மார்கோ என்ற சிறிய பொமரேனியனை வாங்கினார். அதன் எடை சுமார் ஐந்தரைக் கிலோ. அரசி வைத்திருப்பதைப் போலவே எல்லோருக்கும் வேண்டும் என்ற ஆசையில் வளர்ப்பாளர்கள் சிறியதோடு சிறியதைச் சேர்த்து மேலும் சிறிதாக்கினார்கள். இன்று அமெரிக்கத் தரத்தின்படி பொமரேனியனின் எடை சுமார் 1.4 முதல் 3.2 கிலோ வரைதான். 1912இல் டைட்டானிக் கப்பல் மூழ்கியபோது உயிர் பிழைத்த நாய்கள் மூன்று. அவற்றில் இரண்டு பொமரேனியன்கள். கைக்குள் அடக்கித் தூக்கிக்கொண்டு படகில் ஏற முடிந்ததுதான் காரணம்!

சரி, விஷயத்துக்கு வருவோம். ஆங்கிலேயர்கள் இந்தியாவுக்குக் கொண்டுவந்தவை, அந்தப் பொம்மை அளவு வருவதற்கு முந்தைய ஜெர்மன் ஸ்பிட்ஸ் வகை நாய்கள். அவை இங்கேயே குட்டி போட்டு, இங்குள்ள வெயிலுக்கும் உணவுக்கும் பழகி, பல தலைமுறைகளில் தனி வகையாக ஆகிவிட்டன. அதற்கு "இந்தியன் ஸ்பிட்ஸ்" என்று பெயர். இந்திய கென்னல் கிளப் இதைத் தனி இனமாகவே ஏற்றிருக்கிறது. தயிர்ச்சோறு சாப்பிட்டுக்கொண்டு, மின்விசிறி இல்லாத வீட்டுத் திண்ணையில் படுத்துக்கொண்டு ஆரோக்கியமாக இருக்கும் வெள்ளை நாய் பெரும்பாலும் இதுதான்.

இந்தியன் ஸ்பிட்ஸில் இரண்டு அளவுகள் உண்டு. சிறியது 5 முதல் 7 கிலோ வரை. பெரியது 12 முதல் 20 கிலோ வரை. பொமரேனியனை விட மூக்கு நீளம், காது பெரிது, கால் உயரம், முடியின் அடர்த்தி குறைவு. நிறம் பெரும்பாலும் வெள்ளை. பழுப்பும் கறுப்பும்கூட உண்டு. இரண்டும் ஒரே ஸ்பிட்ஸ் குடும்பம்தான். ஆனால் நூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பிரிந்துபோன பங்காளிகள்.

1994இல் வெளிவந்த "ஹம் ஆப்கே ஹைன் கோன்" இந்திப் படத்தில் கதையின் முக்கியமான திருப்பத்தையே செய்யும் டஃபி என்ற வெள்ளை நாய் நினைவிருக்கிறதா? அதுவும் இந்தியன் ஸ்பிட்ஸ்தான். நாடு முழுக்க அதைப் பொமரேனியன் என்றே நினைத்தது.

இங்கே ஒரு சோகம் ஒளிந்திருக்கிறது. சொந்தப் பெயரால் யாரும் அழைக்காததால் இந்த இனத்தைப் பாதுகாக்க வேண்டும் என்றும் யாருக்கும் தோன்றவில்லை. ராஜபாளையத்துக்குக் குரல் கொடுப்பவர்கள் உண்டு. இந்தியன் ஸ்பிட்ஸுக்கு அது "வெளிநாட்டு நாய்" என்ற பெயர். வெளிநாட்டுக்காரர்களிடமோ அது பொமரேனியனே அல்ல. பிறகு நிஜமான பொம்மைப் பொமரேனியன் சந்தைக்கு வந்ததும் பழையது "ஒரிஜினல் இல்லை" என்று ஒதுக்கப்பட்டது.

விளம்பரத்தில் வந்த நாய், தெருவில் முடிந்த நாய்

2003இல் ஹட்ச் கைபேசி நிறுவனத்தின் விளம்பரம் வந்தது. ஒரு சிறுவன் போகும் இடமெல்லாம் ஒரு பக் நாய் பின்னாலேயே போகும். அவ்வளவுதான் விளம்பரம். ஆனால் அது நாட்டில் பக் நாய்க்கு உண்டாக்கிய மோகம் கொஞ்ச நஞ்சமல்ல. 2007இல் நிறுவனம் வோடபோன் ஆனது. நாயின் பெயர் மட்டும் "ஹட்ச் நாய்" என்றே நின்றுவிட்டது.

பக், சீனாவில் தோன்றிய பழைய இனம். முகம் நசுங்கியது. மூக்குத் துவாரம் குறுகல், தொண்டைக்குள் தசை அதிகம். நாய்க்கு வியர்த்து உடல் குளிர்வதில்லை, நாக்கை நீட்டி மூச்சு வாங்கித்தான் குளிர வேண்டும். மூச்சே சரியாக வராத நாய் மே மாத வெயிலில் என்ன செய்யும்? விளம்பரம் இதைச் சொல்லவில்லை. வாங்கியவர்கள் முதல் கோடையில் தெரிந்துகொண்டார்கள்.

ஓசூரில் 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. அதிலிருந்து ஊர் வளர்ந்த வேகம் எல்லோருக்கும் தெரியும். பெங்களூருவிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தூரம். ஒரு பக்கம் ஆலைகள், மறு பக்கம் மென்பொருள் நிறுவனங்கள். இடையே வாடகை வீடுகளும் அடுக்ககங்களும். கல்லாவி, ஊத்தங்கரை போன்ற ஊர்களிலிருந்து வேலைக்குப் போகிறவர்களும் இந்த வீடுகளில்தான் தங்குகிறார்கள். இத்தகைய இடங்களில் பெரிய நாய்க்கு இடமில்லை, சின்ன நாய்க்குத்தான் வாய்ப்பு. வீட்டுக்காரர் நாய் கூடாது என்பார், வேலை மாற்றல் வரும், குழந்தை பிறக்கும், நாய்க்குத் தோல் நோய் வரும். பிறகு ஒரு நாள் அந்த நாய் நெடுஞ்சாலை ஓரத்தில் இறக்கிவிடப்படும். தெருவில் பிறந்த நாய்க்குச் சாலையைக் கடக்கத் தெரியும். சோபாவில் வளர்ந்த நாய்க்குத் தெரியாது.

இப்படிப்பட்ட விலங்குகளைக் காக்கும் அமைப்புகளின் வரலாறு தென்னிந்தியாவில் பழையது. சென்னையில் கேப்டன் வி. சுந்தரமும் அவர் மனைவி உஷாவும் 1959இல் புளூ கிராஸைத் தொடங்கினார்கள். தெரு நாய்களைக் கொல்வதற்குப் பதிலாகக் கருத்தடை செய்யலாம் என்ற திட்டத்தை 1964லேயே அந்த அமைப்பு முன்வைத்தது. அது 2001இல் நாடு தழுவிய விதியாகவும், 2023இல் புதிய விதியாகவும் வந்தது. பெங்களூருவில் கியூபா என்ற அமைப்பு 1991 முதல் இயங்குகிறது. முதலில் தெரு நாய்களுக்காகத் தொடங்கிய இதுபோன்ற இடங்களில், 2000க்குப் பிறகு "நல்ல ஜாதி" நாய்களும் வந்து குவிந்தன. இனம் என்ற கட்டம் அட்டையில் முக்கியமானது அப்போதுதான்.

கண்ணால் பார்த்து இனம் சொல்வது எப்படி?

காப்பகத்தில் ஒரு சின்ன நாய் வந்து இறங்கும்போது அது எப்படி இருக்கும்? முடி முழுக்கச் சடை பிடித்திருக்கும். சடைக்குள் உண்ணிகளும் தெள்ளுப்பூச்சிகளும். கீழே சொறி, புண். முதல் வேலையாக முடியை மொத்தமாக வழித்து எடுப்பார்கள். அதோடு இனத்தைக் காட்டும் முக்கிய அடையாளமும் போய்விடும்! பட்டினியால் எடை பாதியாகியிருக்கும். ஆகவே எடையை வைத்தும் சொல்ல முடியாது.

மிஞ்சுவது எலும்பும் பல்லும்தான். பல்லைப் பார்த்து வயதை மதிப்பிடலாம். ஏறக்குறைய ஆறு, ஏழு மாதத்தில் நாய்க்குப் பால் பற்கள் விழுந்து நிலைப் பற்கள் முளைத்துவிடும். அதற்கு மேல் தேய்மானமும் காரையும் கணக்கு. மூக்கின் நீளம், இரு கண்களுக்கு இடையே உள்ள பள்ளம், காது நிற்கிறதா தொங்குகிறதா, வால் எங்கிருந்து எழுகிறது, உடல் நீளத்துக்கும் கால் உயரத்துக்கும் உள்ள விகிதம் ஆகியவற்றைப் பார்ப்பார்கள். காது நுனியில் வெட்டு இருந்தால் அது கருத்தடை செய்து விடப்பட்ட தெரு நாய் என்று பொருள்.

இவ்வளவு பார்த்தும் குழப்பம் தீராது. உதாரணத்துக்கு லாசா அப்சோவும் ஷிட்சூவும். இரண்டும் திபெத்திய வழி வந்த, முடி நீண்ட சின்ன நாய்கள். லாசாவுக்கு மூக்கு சற்று நீளம், தலை குறுகல். ஷிட்சூவுக்கு முகம் தட்டை, கண் உருண்டை. முடியை வழித்துவிட்டால் அனுபவசாலிகளும் திணறுவார்கள்.

இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. நிபுணர்களே திணறிய வரலாறு உண்டு. 1933இல் இங்கிலாந்தின் செல்ட்டன்ஹாம் கண்காட்சியில், திபெத்திலிருந்து வந்த நாய்களையும் சீனாவிலிருந்து வந்த நாய்களையும் ஒரே இனம் என்று நினைத்து ஒன்றாக நிறுத்தினார்கள். பக்கத்தில் பக்கத்தில் நின்ற பிறகுதான் இவை வேறு வேறு என்று தெரிந்தது. மறு ஆண்டு அவற்றைத் தனித்தனி இனங்களாகப் பிரித்தார்கள். கண்காட்சி நடுவர்களுக்கே இந்த நிலை என்றால், சொறி பிடித்த நாயை மடியில் வைத்திருக்கும் தன்னார்வலரை என்ன சொல்வது?

மரபணு சொன்ன செய்தி

கண் ஏன் ஏமாறுகிறது என்பதற்கு விஞ்ஞானம் தெளிவான பதில் தருகிறது. அமெரிக்காவில் ஸ்காட், புல்லர் என்ற இரு ஆய்வாளர்கள் காக்கர் ஸ்பானியலையும் பசென்ஜியையும் கலந்து பல தலைமுறைகள் வளர்த்தார்கள். முடிவுகள் 1965இல் நூலாக வந்தன. அந்தக் கலப்புக் குட்டிகளில் பல, இரண்டு மூல இனங்களில் எதைப் போலவும் இல்லை.

2007இல் வந்த ஓர் ஆய்வு, சின்ன நாய்கள் சின்னதாக இருப்பதற்கு ஐஜிஎஃப்-1 என்ற ஒரே மரபணுவின் மாற்றம் பெரும் காரணம் என்று காட்டியது. 2009இல் வந்த இன்னோர் ஆய்வில், நாய்களின் முடி வகைகளில் பெரும்பாலானவற்றை மூன்றே மரபணுக்களால் விளக்க முடிந்தது. முடி நீளமா, சுருளா, மீசை தாடி உண்டா என்பதெல்லாம் இந்த மூன்றின் சேர்க்கை. அதே ஆண்டு, டாக்ஸண்ட் போன்ற நாய்களின் குட்டைக் காலுக்கும் ஒரே ஒரு மரபணுதான் காரணம் என்று தெரிந்தது.

இதன் பொருள் என்ன? நாயின் உடலில் ஆயிரக்கணக்கான மரபணுக்கள் உள்ளன. நம் கண் பார்த்து இனம் முடிவு செய்வது அவற்றில் ஏழெட்டை மட்டும் வைத்து. குட்டைக் கால் இருந்தால் "டாக்ஸண்ட் கிராஸ்" என்கிறோம், நீள முடி இருந்தால் "லாசா கிராஸ்" என்கிறோம். மற்ற அத்தனையும் வேறு எங்கிருந்தோ வந்திருக்கலாம்.

காப்பகங்களிலேயே இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 2009இல் விக்டோரியா வோய்த் என்ற கால்நடை மருத்துவரும் அவர் குழுவினரும் அமெரிக்காவில் தத்தெடுக்கப்பட்ட 20 நாய்களை மரபணுச் சோதனை செய்தார்கள். காப்பகங்கள் குறிப்பிட்ட இனம் சொல்லியிருந்தவை 16. அவற்றில் 4 நாய்களுக்கு மட்டுமே சொன்ன இனங்களில் ஒன்றாவது சோதனையில் முக்கியமாகத் தென்பட்டது. 2018இல் இரண்டு அமெரிக்கக் காப்பகங்களின் 900க்கும் மேற்பட்ட நாய்களில் நடந்த ஆய்வில், தூய இன நாய்கள் 5 சதவீதத்துக்கும் குறைவு. மொத்தம் 125 இனங்களின் சாயல் கிடைத்தது. ஊழியர்கள் 67 சதவீத நாய்களில் ஓர் இனத்தையாவது சரியாகச் சொல்லியிருந்தார்கள். ஒன்றுக்கு மேற்பட்ட இனங்களைச் சரியாகச் சொன்னது 10 சதவீதத்தில்தான்.

மரபணுச் சோதனை செய்துவிட்டால் போகிறது என்று தோன்றலாம். அதிலும் ஒரு தடை உண்டு. சோதனை, தன்னிடம் ஏற்கனவே உள்ள இனங்களின் மாதிரிகளோடு ஒப்பிட்டுத்தான் பதில் தரும். அந்தத் தொகுப்பில் இல்லாத இனத்தை அதனால் சொல்ல முடியாது. நம் நாட்டு நாய்கள் எந்தக் கலப்பாலும் உண்டானவை அல்ல. தாமாகவே பல்லாயிரம் ஆண்டுகள் மனிதரோடு வாழ்ந்து வந்தவை. அவற்றை "எந்த இனங்களின் கலப்பு" என்று கேட்பதே தவறான கேள்வி. "கிராஸ்" என்ற நம் ஊர்ச் சொல்லும் இதனால் பல சமயம் பொருளற்றதாகிறது.

ஒரு சொல்லின் விலை

பெயர் தவறினால் என்ன குடிமுழுகிவிடும் என்று கேட்கலாம். மூன்று விஷயங்கள் உண்டு.

முதலாவது, உடல்நலம். பக் நாய்க்கு வெயில் ஆகாது. டாக்ஸண்டை மாடிப்படியில் ஓடவிட்டால் முதுகுத் தண்டு வட்டு பிதுங்கிப் பின்னங்கால் விழுந்துவிடும் அபாயம் உண்டு. ஷிட்சூவின் உருண்டைக் கண்ணில் சுலபமாகப் புண் வரும். ஆனால் இவை எல்லாம் உடலமைப்பால் வரும் பிரச்சினைகள். அட்டையில் என்ன எழுதியிருந்தாலும், மூக்கு நசுங்கிய நாய்க்கு மூச்சு வாங்கும். ஆகவே இனத்தைவிட உடலமைப்பை எழுதுவதே மருத்துவத்துக்கு உதவும்.

இரண்டாவது, பேராசை. "தூய இனம்" என்று எழுதிவிட்டால், அதுவும் பெட்டை நாய் என்றால், வளர்க்க நினைப்பவரோடு குட்டி போட வைத்து விற்க நினைப்பவரும் வந்து நிற்பார். இதனால்தான் நல்ல காப்பகங்கள் கருத்தடை செய்யாமல் நாயைக் கொடுப்பதில்லை. 2017இல் மத்திய அரசு நாய் வளர்ப்பு, விற்பனை விதிகளைக் கொண்டுவந்தது. வளர்ப்பாளர்கள் பதிவு செய்ய வேண்டும், எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது என்றெல்லாம் அதில் உண்டு.

மூன்றாவது, சட்டம். 2024 மார்ச் 12 அன்று மத்திய கால்நடைத் துறை, 23 வகை நாய்களையும் அவற்றின் கலப்புகளையும் ஆபத்தானவை என்று சொல்லித் தடை செய்யுமாறு மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அந்தப் பட்டியலில் இருந்தவை பெரிய நாய்கள்தான். ஆனாலும் கேள்வி எல்லா நாய்க்கும் பொது: ஒரு நாய் இன்ன இனத்தின் கலப்பு என்று யார் சொல்வது? எதை வைத்து?

இனத்தை வைத்துக் குணத்தைச் சொல்வதும் அவ்வளவு சரியல்ல. 2022இல் "சயின்ஸ்" இதழில் வந்த பெரிய ஆய்வில், 18,000க்கும் மேற்பட்ட நாய்களின் உரிமையாளர்களிடம் தகவல் திரட்டி, 2,000க்கும் மேற்பட்ட நாய்களின் மரபணுவைப் படித்தார்கள். நாய்க்கு நாய் உள்ள குண வேறுபாட்டில் இனத்தால் விளக்க முடிந்தது சுமார் 9 சதவீதம்தான். மீதியெல்லாம் அந்த நாய், அதன் வளர்ப்பு, அதன் அனுபவம்.

அட்டையில் என்ன எழுதலாம்?

அப்படியானால் "இனம்" என்ற கட்டத்தை அடித்துவிடலாமா? அது அவசியமில்லை. தெரிந்ததை எழுதினால் போதும். "சிறிய நாய், 6 கிலோ, வெள்ளை, நீள முடி, வாரம் மூன்று முறை சீவ வேண்டும், சுமார் நான்கு வயது, குழந்தைகளிடம் பயமில்லை, பூனையைத் துரத்தும், தனியாக விட்டால் குரைக்கும், தோற்றத்தில் இந்தியன் ஸ்பிட்ஸ்" என்று எழுதினால், ஓசூரில் ஒற்றைப் படுக்கையறை வீட்டில் இருப்பவர் இது தனக்குச் சரிவருமா என்று யோசித்து முடிவெடுக்க முடியும். "பொமரேனியன்" என்ற ஒற்றைச் சொல்லை நம்பி வாங்கிப்போய், இரண்டு கிலோவில் நிற்கும் என்று எதிர்பார்த்து, அது நிற்காதபோது மறுபடியும் சாலையில் விடும் நிலை வராது.

நாயை எடுக்கப் போகிறவர்களும் கேள்வியை மாற்றிக்கொள்ளலாம். "இது என்ன ஜாதி?" என்று கேட்பதற்கு முன், "இது எவ்வளவு சாப்பிடும், எதற்குப் பயப்படும், என் வீட்டில் இருக்குமா?" என்று கேட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

எடுத்தனூரில் கல் நட்டவர்களுக்குக் கோவிவன் என்ன இனம் என்று எழுதத் தோன்றவில்லை. அது யாருடைய நாய், என்ன செய்தது, அதன் பெயர் என்ன என்று மட்டும் எழுதினார்கள். 1400 ஆண்டுகள் கழித்து அந்த நாயை நாம் தெரிந்துகொள்ள அதுவே போதுமானதாக இருக்கிறது. காப்பகத்துக் கூண்டில் காத்திருக்கும் வெள்ளை நாய்க்கும் முதலில் வேண்டியது ஒரு பெயரும், அதைச் சொல்லிக் கூப்பிட ஒரு வீடும்தான்.